எந்தச் சட்டப்படிங்க?

சிட்டாவில் பெயர் மாறிப்போனால் தோட்டத்துக்காரருக்கு உடம்பில் பாதி போன மாதிரி. பயிர்க்கடன் கேட்க, கிணற்று மோட்டாருக்குக் கரண்டு வாங்க, பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க, எதற்கானாலும் அந்த ஒற்றைத் தாள்தான் முதலில் மேசைக்கு வர வேண்டும். சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர் எட்டுவழிச் சாலை போடுவதாக 2018இல் அறிவிப்பு வந்தது. நிலம் கைமாறுவதற்கு முன்னால், இழப்பீடு கைக்கு வருவதற்கு முன்னால், வருவாய்ப் பதிவேட்டில் சொந்தக்காரர் பெயரை எடுத்துவிட்டுச் சாலைத் திட்டத்தின் பேருக்கு மாற்றும் வேலை நடந்தது.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956இல் இதற்குப் படிகள் உண்டு. 3ஏ அறிவிப்பு என்பது ‘எடுக்கலாம் என்று நினைக்கிறோம்’ என்று சொல்வது மட்டும்தான். அதன்பின் 21 நாள் ஆட்சேபம் சொல்ல அவகாசம், விசாரணை. கடைசியில் 3டி அறிவிப்பு வெளியான பிறகுதான் நிலம் மத்திய அரசுக்குச் சேரும். நினைத்த அன்றைக்கே பெயரை மாற்றினால் அது நிச்சயம் பண்ணிய அன்றைக்கே பொண்ணைக் கூட்டிப் போகிற கதை.

சென்னை ஐகோர்ட் 2019 ஏப்ரல் 8 அன்று நிலமெடுப்பு அறிவிப்புகளையே ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று சுப்ரீம் கோர்ட் அதைப் புரட்டி, அறிவிப்பு செல்லும் என்றது. எட்டுவழிக்கு வழி திறந்தது என்று செய்தி ஓடியதால் தீர்ப்பின் இன்னொரு பகுதி பலர் கண்ணில் படவில்லை. வெறும் 3ஏ அறிவிப்பை வைத்துப் பதிவேட்டைத் திருத்தியது தப்பு, பழையபடி உரிமையாளர் பேருக்கே மாற்ற வேண்டும் என்று ஐகோர்ட் சொன்னதை சுப்ரீம் கோர்ட்டும் அப்படியே ஏற்றது. சாலை வேண்டும் என்று சொன்ன கோர்ட்டே அதிகாரியைப் பார்த்துக் கேட்டது: எந்தச் சட்டப்படி?

ஈரோட்டில் இருபது வருஷமாக வக்கீல் தொழில் செய்கிறேன். அடிப்படை உரிமை, அதிகாரப் பிரிவினை என்றெல்லாம் சட்டக் கல்லூரியில் படித்ததை, ஆபீசுக்கு வருகிற பெரியவர்கள் இந்த ஒரே கேள்வியில் கேட்டுவிடுகிறார்கள். “ஏனுங்க, எந்தச் சட்டப்படிங்க இப்படிப் பண்ணிப்போட்டாங்க?” இந்தியாவின் பெரிய அரசியல் சாசன வழக்குகளில் சில இந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியவை. அவற்றில் நாலைந்து நம்ம கொங்கு மண்ணைத் தொட்டுப் போனவை என்பது நமக்கே மறந்துபோயிருக்கிறது.

அஸ்தம்பட்டி வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் தினமும் பார்க்கிற மதில்தான் சேலம் மத்திய சிறை. 1950 பிப்ரவரி 11. நாடு குடியரசாகிப் பதினாறு நாள். அன்றைக்கு அந்த மதிலுக்குள் கம்யூனிஸ்ட் கைதிகள்மீது துப்பாக்கிச் சூடு நடந்து 22 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மலபார்க்காரர்கள், மலபார் அப்போது மெட்ராஸ் மாகாணத்தின் ஒரு மாவட்டம்.

பம்பாயிலிருந்து ரொமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ்ரோட்ஸ்’ என்ற ஆங்கில வாரப் பத்திரிகை மெட்ராஸ் அரசை விடாமல் விமர்சித்து வந்தது. சேலம் சிறைக் கொலைகளைப் பற்றியும் காட்டமாக எழுதியது. 1950 மார்ச் 1 அன்று அந்தப் பத்திரிகை மாகாணத்துக்குள் வரவும் விற்கவும் கூடாது என்று அரசு ஆணை போட்டது. அதே மார்ச் 1 அன்று, ஏற்கனவே சிறையிலிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனிடம் புதிதாக வந்திருந்த தடுப்புக் காவல் சட்டத்தின்படி இன்னொரு காவல் ஆணையை நீட்டினார்கள். ஒரே நாளில் ஒரு பேப்பருக்கும் ஒரு ஆளுக்கும் பூட்டு. இருவரும் நேராக டெல்லிக்கு, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்தக் கோர்ட்டுக்கும் வயது அப்போது சில மாதம்தான்.

கோபாலன் தோற்றார். மே 19 தீர்ப்பு சொன்னதன் சாரம் இது: ஒருவருடைய சுதந்திரத்தைப் பறிக்கச் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம் இருக்கிறதா, அதில் சொன்ன நடைமுறை நடந்ததா என்று பார்த்தால் போதும். அந்தச் சட்டம் நியாயமானதா என்று கோர்ட் கேட்காது. எந்தச் சட்டப்படி என்று கேட்டார், இந்தச் சட்டப்படி என்று காட்டினார்கள், கதை முடிந்தது. இந்தக் குறுகல் விரிய 1978இல் மேனகா காந்தி வழக்கு வரவேண்டியிருந்தது.

ஒரு வாரம் கழித்து, மே 26 அன்று, தாப்பர் ஜெயித்தார். இந்த வழக்கிலும் அரசு காட்டிய சட்டம் ஒன்று இருந்தது: மெட்ராஸ் பொது ஒழுங்கு பராமரிப்புச் சட்டம் 1949. சிக்கல் அதன் காரணத்தில். அன்றைய அரசியல் சாசனத்தின் 19(2) பிரிவு, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தச் சில காரணங்களை மட்டும்தான் அனுமதித்தது; அரசுக்கு உதவக்கூடிய ஒரே காரணம் அரசின் பாதுகாப்பைக் குலைப்பது, அரசைக் கவிழ்க்க முனைவது. ‘பொது ஒழுங்கு’ அந்தப் பட்டியலில் இல்லை. தெருவில் நடக்கும் கைகலப்பும் பொது ஒழுங்குக் கேடுதான், ஆட்சியைக் கவிழ்க்கும் கலகமும் பொது ஒழுங்குக் கேடுதான். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டும் சட்டம் செல்லாது என்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதினார். ஆறு பேர் அமர்வில் ஃபசல் அலி மட்டும் மாறுபட்டார். ஆக, கையில் சட்டம் இருப்பது மட்டும் போதாது, அந்தச் சட்டத்துக்கு மேலே இன்னொரு சட்டம் உட்கார்ந்திருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அரசுக்கு உறைத்தது.

உறைத்ததும் மேலே இருக்கிற சட்டத்தையே திருத்தினார்கள். 1951 ஜூனில் வந்த முதல் திருத்தம் 19(2)இல் பொது ஒழுங்கைச் சேர்த்தது. அதோடு ‘நியாயமான கட்டுப்பாடு’ என்று ஒரு சொல்லையும் வைத்தது. பின்னாளில் குடிமக்களுக்குக் கைகொடுத்தது அந்த ஒரு சொல்தான், ஏனென்றால் எது நியாயம் என்பதைக் கோர்ட்தான் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான படிக்கல்லைத் தந்ததும் மெட்ராஸ் வழக்கு ஒன்றுதான், 1952இல் வந்த வி.ஜி. ராவ் வழக்கு.

முதல் திருத்தத்தின் அடியில் இன்னொரு பெட்டியும் இருந்தது. ஒன்பதாவது அட்டவணை. ஜமீன் ஒழிப்புச் சட்டங்களை யாரும் கோர்ட்டில் இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காக 13 சட்டங்களை அதில் வைத்துப் பூட்டினார்கள். நல்ல காரணம்தான். ஆனால் பூட்டுகிற பெட்டி ஒன்று கையில் கிடைத்தால் அதில் நகையை மட்டும் வைப்பார்களா? உள்ளே போன சட்டங்கள் 284 ஆயின. அந்தப் பெட்டியை 2007இல் திறக்கவைத்தது கூடலூர்.

ஊட்டியைத் தாண்டி இறங்கினால் கூடலூர். கொங்கிலிருந்து பார்த்தால் மலைக்கு அந்தப்புறம். அங்கே நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம் நிலங்களை, அதாவது பரம்பரை உடைமை நிலங்களை, குத்தகைக்கு எடுத்துத் தேயிலை, காப்பித் தோட்டங்கள் வந்தன. 1969இல் தமிழக அரசு ஜென்மம் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. பால்மடீஸ் தோட்ட வழக்கில் 1972இல் சுப்ரீம் கோர்ட் சட்டத்தைப் பொதுவாக ஏற்றது. ஜென்மம் காடுகளை அரசு எடுத்துக்கொள்வது மட்டும் நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை அடித்தது. 1974இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் தூக்கி ஒன்பதாவது அட்டவணைக்குள் போட்டது. கோர்ட் செல்லாது என்று சொன்ன ஒன்று, பெட்டிக்குள் போனதும் செல்லும் ஆகிவிட்டது.

இது முறையா என்பதுதான் ஐ.ஆர். கோயெலோ வழக்கு. ஒன்பது நீதிபதிகள் 2007 ஜனவரி 11 அன்று ஒரே குரலில் சொன்னார்கள்: சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி தீர்ப்பு வந்த 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு பெட்டிக்குள் போன எந்தச் சட்டமும் சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைத்தால் கோர்ட் அதைப் பரிசோதிக்கும். இன்றைக்கு இடஒதுக்கீட்டு அளவு பற்றி எங்கே விவாதம் வந்தாலும் ஒன்பதாவது அட்டவணை போதுமான காப்பா என்ற கேள்வி எழுவது இந்தக் கூடலூர் வழக்கால்தான். வேடிக்கை என்னவென்றால், ஒன்பது நீதிபதிகள் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு நிலத்து வழக்கைச் சின்ன அமர்வுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ‘செக்‌ஷன் 17 நிலம்’ (ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு) என்றால் கூடலூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: குடியிருக்கலாம், பட்டா வாங்க முடியாது.

கூடலூர் இன்னொரு பெரிய வழக்கையும் தந்தது. அங்கே மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து அதே நிலம்பூர் கோவிலகத்துக் கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் போட்ட மனு நாடு முழுக்க வனத்துறையின் கையை நீட்டியது. 1996 டிசம்பர் 12 ஆணை, காடு என்பது அகராதிப் பொருளில் காடாக இருக்கும் எல்லா இடமும்தான், யார் சொந்தமாக இருந்தாலும் சரி என்றது. கொங்குத் தமிழில் இதைப் படித்தால் குழப்பம். நமக்கு ‘காட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க’ என்றால் சோளக்காட்டுக்கோ கடலைக்காட்டுக்கோ போவது. நல்லவேளையாக கோர்ட் நம்ம அகராதியைப் பிரிக்கவில்லை.

திரும்பவும் சேலம் சிறை. 1995 ஏப்ரல் 27 அன்று ஆட்டோ சங்கர் தூக்கிலிடப்பட்டது இங்கேதான். அதற்கு ஆறு மாதம் முன்பு அவருடைய சுயசரிதையை வைத்து ஒரு தீர்ப்பு வந்திருந்தது. செங்கல்பட்டுச் சிறையில் அவர் எழுதியதை நக்கீரன் வெளியிடப்போவதாக அறிவித்தது. அதில் அதிகாரிகளின் தொடர்புகள் வரும் என்று பேச்சு. 1994 ஜூன் 15 அன்று சிறைத்துறை ஐ.ஜி. பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: அது பொய்யானது, போடாதீர்கள்.

1950இல் ஆணையாவது இருந்தது, ஆணைக்கு அடியில் ஒரு சட்டமாவது இருந்தது. இங்கே இருந்தது கடிதம். சுப்ரீம் கோர்ட் 1994 அக்டோபர் 7 தீர்ப்பில், அவதூறு வரும் என்று பயந்து அச்சாகுமுன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ எந்தச் சட்டமும் அதிகாரம் தரவில்லை என்றது. வந்த பிறகு அவதூறு என்று நிரூபித்து வழக்குப் போடலாம், அவ்வளவுதான். தனியாளின் அந்தரங்கம் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்று அழுத்திச் சொன்னதும் இதே தீர்ப்புதான். 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை உறுதி செய்தபோது பின்னால் நின்ற தீர்ப்புகளில் இதுவும் ஒன்று. நாடே வெறுத்த ஒரு கொலைக் குற்றவாளியின் நோட்டுப் புத்தகத்திலிருந்து இந்த உரிமை கிளைத்தது என்பது பலருக்கும் உறுத்தும். உரிமை வழக்குகள் நல்ல பிள்ளைகளின் பெயரில் வருவது அபூர்வம்.

கடிதத்தைவிட மெல்லிய கருவி ஒன்று நம்ம மாவட்டங்களில் வாராவாரம் ஓடுகிறது. அமைதிப் பேச்சுவார்த்தை. தேர் எந்தத் தெருவில் போவது, சுடுகாட்டுப் பாதை யாருடையது, பொங்கல் வைப்பதில் யாருக்கு முதல் மரியாதை என்று தகராறு வந்தால் தாசில்தாரோ ஆர்.டி.ஓ.வோ இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைப்பார். டீ வரும். சத்தம் போடுவார்கள். கடைசியில் ஒரு தாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கலைவார்கள். பல ஊர்களில் இதனால் மண்டை உடையாமல் தப்பியிருக்கிறது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அன்றிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107 உண்டு, 144 உண்டு. அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒரு பிரிவு கிடையாது.

2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் கலெக்டர் ஆபீசில் அப்படி ஒரு பேச்சுவார்த்தை நடந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் பெருமாள்முருகன். 2010இல் வந்த அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் திருச்செங்கோட்டையும் அதன் பெண்களையும் இழிவுபடுத்துகிறது என்று 2014 டிசம்பரிலிருந்து போராட்டம், எரிப்பு, கடையடைப்பு. அன்று எழுதப்பட்ட தாளில் ‘வருத்தம்’ போதாது என்று ‘நிபந்தனையற்ற மன்னிப்பு’ ஏறியது. பிரதிகளைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதிக்கொடுத்தார். அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார்.

அரசு புத்தகத்தைத் தடை செய்யவில்லை. தடை செய்திருந்தால் ஆணை இருந்திருக்கும், அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக ஒரு நம்பர் இருந்திருக்கும். இங்கே பாதிக்கப்பட்டவரே கையெழுத்துப் போட்ட தாள்தான் இருந்தது. இந்த அதிகாரத்தின் சூட்சுமமே அதுதான்: வாயை மூடியவன் கை தெரியாது, மூடிக்கொண்டவன் கையெழுத்து மட்டும் தெரியும்.

2016 ஜூலை 5 அன்று ஐகோர்ட் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அந்தத் தாள் யாரையும் கட்டுப்படுத்தாது என்றார்கள். சட்டம் ஒழுங்கு கெடும் என்றால் கெடுப்பவரைத் தடுப்பதுதான் அரசின் வேலை, எழுதியவரைப் பணியவைப்பது அல்ல. புத்தகம் பிடிக்கவில்லையா, தூக்கிப் போடுங்கள். படித்தே ஆகவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றும் எழுதினார்கள். ஆசிரியர் தனக்குக் கைவந்ததைச் செய்ய உயிர்த்தெழட்டும், எழுதட்டும் என்று தீர்ப்பு முடிந்தது. அவர் எழுதினார். என் கணக்கில் மேலே சொன்ன எல்லா வழக்குகளிலும், தீர்ப்பு சொன்னது சொன்னபடி ஆளிடம் போய்ச் சேர்ந்தது இது ஒன்றில்தான்.

இதே கேள்வி விவசாயியின் பக்கமே திரும்பிச் சுட்டதும் உண்டு. கெயில் குழாய். கொச்சியிலிருந்து வரும் எரிவாயுக் குழாய் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி என ஏழு மாவட்டத் தோட்டங்களுக்குள் 310 கிலோமீட்டர் போகவேண்டும். பதித்த இடத்தில் வீடு கட்ட முடியாது, தென்னை வைக்க முடியாது. நிலம் மட்டும் நம் பேரிலேயே இருக்கும். எதிர்ப்பு கிளம்பவே, நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோங்கள் என்று 2013இல் தமிழக அரசு உத்தரவிட்டது. ஊரே கொண்டாடியது. ஆனால் 1962ஆம் ஆண்டுக் குழாய்ச் சட்டம் மத்தியச் சட்டம். வழித்தடத்தை மாற்றச் சொல்ல மாநிலத்துக்கு அதில் இடமில்லை. அந்த வருஷம் நவம்பரில் ஐகோர்ட்டும் 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் மாநில உத்தரவை ஏற்கவில்லை. எந்தச் சட்டப்படி மாற்றச் சொன்னீர்கள் என்ற கேள்விக்கு நம்மை ஆதரித்த அரசிடம் பதில் இல்லை.

கடைசியாக நொய்யல். இதில் கேள்வியே தலைகீழ். அதிகாரத்துக்குச் சட்டம் இருந்தது, 1974 முதல் இருந்தது. நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 1988 திருத்தத்துக்குப் பிறகு ஆலையை மூடலாம், கரண்டைப் பிடுங்கலாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இருந்தது. பிடுங்கத்தான் ஆள் இல்லை.

வெள்ளியங்கிரியில் புறப்படும் ஆறு திருப்பூர் தாண்டும்போது எந்த நிறத்தில் போகிறதென்று பார்த்து, அந்த வாரம் எந்தக் கலர் பனியனுக்கு ஆர்டர் என்று சொல்வார்கள் என்பது எங்கள் பக்கத்துக் கசப்பான கேலி. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்கென்று கட்டிய அணை, சாயத் தண்ணீரைத் தேக்கும் தொட்டியானது. தண்ணீர் விடுங்கள் என்று கேட்டுப் போராடுவதைத்தான் டெல்டாவில் பார்த்திருப்போம். இங்கே ஆயக்கட்டுக்காரர்கள் அணையில் தண்ணீர் தேக்காதீர்கள், எங்கள் காட்டுக்கு விடாதீர்கள் என்று கேட்டார்கள்.

1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த வேலூர்த் தோல் ஆலை வழக்கின் தீர்ப்பு அவர்களுக்குப் படிக்கட்டு. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும், கெடும் என்று தெரிந்தால் ஆதாரம் முழுசாகச் சேரும்வரை காத்திருக்கக் கூடாது என்ற இரண்டையும் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று சுப்ரீம் கோர்ட் அறிவித்த தீர்ப்பு அது. அதில் ஈரோடு மாவட்டமும் அடக்கம். அதன்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் நொய்யல் பாசன விவசாயிகள் 28,596 பேருக்கு 24.79 கோடி ரூபாய் இழப்பீடு கணக்கிட்டது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 8,700 ரூபாய்கூட வராது. ஒரு தென்னந்தோப்பு காய்ந்ததற்கு.

நொய்யல் ஆயக்கட்டுதாரர் சங்க வழக்கில் 2006 டிசம்பர் 22 அன்று ஐகோர்ட், ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்கு 2007 ஜூலைக்குள் மாறுங்கள், அதுவரை லிட்டருக்கு 6 காசில் தொடங்கி 10 காசு வரை தண்டம் கட்டுங்கள் என்றது. 2009 அக்டோபர் 6 அன்று சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. ஆறு தெளியவில்லை. 2011 ஜனவரி 28 அன்று அவமதிப்பு வழக்கில் ஐகோர்ட் திருப்பூரின் எழுநூறு சொச்சம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மொத்தமாக மூடச் சொன்னது. கரண்டு நின்றது. பனியன் துணி சாயமேற வெளியூர்களுக்கு லாரி ஏறியது. வேலையில்லாமல் போனவர்கள் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள். பட்டறை முதலாளிகளிலும் பலர் ஒரு தலைமுறைக்கு முன் ஏர் பிடித்தவர்கள்தான். இந்த வழக்கில் எதிரி வெளியூர்க்காரன் இல்லை, மச்சானும் மாமனும்தான். அந்த வருஷமே மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது, ஆர்.ஓ., ஆவியாக்கி, உப்பைப் பிரிக்கும் இயந்திரம் என்று போட்டு மறுபடி ஓட்டினார்கள். பதினைந்து வருஷம் முடியாது, கட்டாது என்று சொன்ன முறை, மூடிய பிறகு முடிந்தது.

அதிகாரி ஒன்றைச் செய்தால் எந்தச் சட்டப்படி என்று கேட்டு ரத்து செய்வது கோர்ட்டுக்குச் சுலபம். செய்யாமல் உட்கார்ந்திருப்பவரைச் செய்யவைப்பதுதான் கஷ்டம். தேதி தேதியாகப் பின்னால் போகவேண்டும். அதற்குள் உப்பு நிலத்துக்குள் இறங்கிவிடும்.

போன வருஷம் நண்பர் ஒருவர் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே தோட்டம் ஒன்று விலைக்கு வருகிறதென்று என்னைக் கூட்டிப் போனார். பத்திரம், வில்லங்கம், சிட்டா எல்லாம் பையில் தயாராக வைத்துக்கொண்டு நின்றார் விற்கிறவர். நண்பர் பையைத் தொடவில்லை. மோட்டாரைப் போடச் சொல்லி, குழாயில் வந்த தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் வைத்தார். துப்பிவிட்டு, “போலாமுங்க” என்றார்.